மாசிலாமணி வாட்டர்

மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தாராவியில் தம்பியும் நானும் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். தம்பி லாசர். அவன் மனைவி ஜெயசீலி. அவர்களுடைய மகன் ஸ்டெர்லின். ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் ரெபேக்கா. ஜெயசீலியின் தம்பி ஜோஷுவா. வாட்டர் டிஸ்பென்சர் விவரம் சொல்ல வந்த கடை ஊழியர் நிகில். காலி கேனோடு வாசற்படியில் நின்ற பக்கத்து வீட்டு ஆனி. எட்டாவதாக, குடும்பத்தில் மூத்தவனான நான், ஞானாபரணம். வேறு ஒருவரும் இல்லை. நேரில் பார்த்ததாக இப்போது சந்தில் சொல்லித் திரிகிறவர்கள் எவரும் அங்கே இல்லை.

டிஸ்பென்சர் வாங்கும் பேச்சு ஈஸ்டர் கழிந்த வாரத்தில் தொடங்கியது. ஜெயசீலி மோரியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் எல்லாம் மூலையில் இருக்கும் அந்த மூன்றடிச் சதுரமான மோரியில்தான். மாவுக்கட்டுப் போட்ட கையால் இருபது லிட்டர் கேனைச் சரித்துத் தண்ணீர் எடுக்க அவளால் முடியவில்லை. ரெபேக்காவுக்கோ அடிக்கடி வெந்நீர் வேண்டியிருந்தது. வெயிலும் அந்த வருடம் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு அடித்தது. தகரக் கூரையின் கீழ் உச்சி அறையில் படுக்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும். கீழ் அறையில் லாசரும் ஜெயசீலியும், நடுமாடியில் ஸ்டெர்லினும் ரெபேக்காவும், அதற்கு மேல் நான். எழுபத்திரண்டு வயதில் இரும்பு ஏணியில் கைப்பிடிக் கயிறு இல்லாமல் ஏறி இறங்குகிறேன்.

ஸ்டெர்லின் ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இதையே பேசினான்.

“பெரியப்பா, மூணு டைப் இருக்கு. ஒண்ணு, கேனை மேல கவுத்துறது. ரெண்டாவது, கேனைக் கீழ வைக்கலாம், மோட்டார் மேல இழுத்துக்கிடும். அம்மா தூக்கவே வேண்டாம். மூணாவது, கேனே கிடையாது. நம்ம டாங்குலயிருந்து கனெக்சன். உள்ளேயே ஃபில்டர் இருக்கு. சூடு, சில்லு, சாதா மூணும் வரும்.”

“கேனே கிடையாதா? ஏல, உங்க தாத்தா பேரு போட்ட கேன் மாட்டுங்கா வரைக்கும் போவுது. அந்த வீட்ல குழாய்த் தண்ணிக்கு மெசினா?”

“அதுல என்ன பெரியப்பா இருக்கு? எங்க ஆபீஸ்ல எல்லாம் ஃபில்டர்தான்.”

“உங்க ஆபீஸ் பேர்ல கேன் போவுதா?”

லாசர் சிரித்தான். அவன் தோல் பை பட்டறையில் கட்டிங் மாஸ்டர். எதையும் அளந்து பார்த்த பிறகுதான் வாய் திறப்பான். “முதல்ல வைக்க இடம் எங்கன இருக்கு? அதைச் சொல்லு” என்றான். பீரோவைக் கண்ணாலேயே அளந்தான். “பீரோவை இந்தப் பக்கம் ஒண்ணே கால் அடி நவுத்தினா நிக்கும்.”

“பீரோவை நவுத்தினா கட்டில் எங்க போவும்?” என்றாள் ஜெயசீலி. “கட்டில நவுத்தினா கதவு அடைக்காது. கதவைத் திறந்து போட்டு டிஸ்பென்சருக்குக் காவல் இருப்பியளோ?”

“நீ படு, நான் காவல் இருக்கேன்.”

“நீங்க காவல் இருந்த லட்சணந்தான்.”

அன்று அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். லாசர் சிரிக்கவில்லை. அது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அந்தப் பேச்சு நடந்த மறுநாள் ஜெயசீலி தனியாக என்னிடம் வந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை இடது கையால் ஊற்றிக்கொண்டே, “அத்தான், பச்சப்புள்ள வரப்போற வீடு. ஃபில்டர் வச்சதே எடுத்துருவோமே” என்றாள்.

“உன் கூடப்பிறந்தவன் யாவாரத்தை நீயே இறக்கிப் பேசுதியே, ஜெயசீலி” என்றேன்.

அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேன் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்துத்தான் அவள் குடத்தில் ஊற்றுவாள். சுத்தக்காரி என்று அவளைப் பலரிடம் மெச்சியிருக்கிறேன்.

ஜோஷுவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாசரேத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இந்த வீட்டில்தான் பாய் போட்டோம். எம்ப்ராய்டரி மெசின் ஓட்டினான், ரிக்‌ஷா ஓட்டினான், எதுவும் நிலைக்கவில்லை. லாக்டவுன் முடிந்த பிறகு கேன் தண்ணீர் வியாபாரம் தொடங்கப்போவதாக வந்து நின்றான். மான்குர்துக்கு அப்பால் ஒரு பிளாண்ட், அங்கே போர் தண்ணீரைச் சுத்தம் செய்து நிரப்பித் தருகிறார்கள், சந்து முனையில் ஒரு காலா, ஷட்டர் போட்ட சின்னக் கடையறை, எடுத்து அடுக்கி வைத்து வீடு வீடாகப் போட வேண்டும் என்றான். கேனில் ஒட்டுகிற லேபிளுக்கு எங்கள் அப்பா பேரைக் கேட்டான்.

“மாசிலாமணி தாத்தா பேர்னா இந்த ஏரியாவுல யோசிக்காம வாங்குவாவ, பெரியத்தான்.”

எங்கள் அப்பா மாசிலாமணி தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். பத்தாவது படிக்காதவர். ஆனால் அவர் வாக்குக்கு எதிர் வாக்கு இந்தச் சந்தில் இருந்ததில்லை. நான் இரண்டு நாள் யோசித்து, ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். அந்தப் பேரை வைத்து ஒரு சொல் வரக்கூடாது. ஜோஷுவா கண் கலங்கி, “உசிரு போனாலும் வராது” என்றான். நீல எழுத்தில் மாசிலாமணி வாட்டர் என்று லேபிள் அடித்தான். ரெபேக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வாரம் ஒரு பெட்டி சீல் போட்ட பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினான். “புள்ளத்தாச்சிக்கு நம்ம கேன் எதுக்கு, கம்பெனி பாட்டிலே குடிக்கட்டும்” என்றான். ரெபேக்காவின் அப்பா வீடு மான்குர்தில். “பிளாண்ட் எந்தப் பக்கம் மாமா? எங்க அப்பா காலைல அங்கதான் வாக்கிங் போவாங்க” என்று ஒரு தடவை கேட்டாள். “நீங்க போவாத பக்கம்மா, ஒரே சகதி” என்றான். நான் அவனுடைய பாசத்தைப் பார்த்தேன். வேறொன்றையும் பார்க்கவில்லை.

இனி குழாய். அப்பா பேரில் ஒரே ஒரு முனிசிபல் கனெக்சன். அதை ஐந்து வீடுகள் பங்கிட்டுக்கொள்கிறோம். வால்வு இருக்கும் இரும்புப் பெட்டி ஆனி வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதற்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. சாவி எங்கள் வீட்டில் அப்பா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். முறை எழுதிய தாள் என் கையெழுத்தில் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும். விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஆறரை வரை, வீட்டுக்கு அரை மணி. என் கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு பூட்டைத் திறக்கிற வேலையை லாசர் ஏற்றுக்கொண்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், “அண்ணே, தண்ணி டைம் மாத்திட்டான். இனி அஞ்சு மணிக்குத்தான் வரும்” என்றான். முனிசிபாலிடி இப்படி மாற்றுவது புதிதல்ல. நான் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். வீட்டுக்குப் பதினெட்டு நிமிடம்.

ஆனி இட்லி வியாபாரம் செய்கிறவள். புருஷன் இறந்து ஆறு வருடம். அரிசி ஊறப்போட, அரைக்க, பானை கழுவ அவளுக்குத் தண்ணீர் வேண்டும். கடைசி முறை அவளுடையது. அவள் வீட்டில் மோட்டார் வைத்து மற்றவர்கள் முறையில் உறிஞ்சுகிறாள் என்று என்னிடம் சொல்லப்பட்டது. அவளே ஒரு நாள் வந்து, “அண்ணாச்சி, நாலு மணிக்கு என் சுவருக்குக் கீழ குழாய் உறுமுது, என்னன்னு பாருங்க” என்றபோது, திருடுகிறவள் முந்திக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தண்டனையாக அவள் முறையைப் பத்து நிமிடமாக்கினேன். தாளில் என் கையெழுத்தில் எழுதினேன். அன்றிலிருந்து தினம் இரண்டு மாசிலாமணி கேன் வாங்கினாள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின நாளே லாசரும் ஸ்டெர்லினும் பீரோவை நகர்த்தி இடம் ஒழித்திருந்தார்கள். பீரோ இருந்த தரையில் டைல்ஸ் வெளிறி, சதுரமாகத் தெரிந்தது. நிகில் அந்தச் சதுரத்தில் டேப் வைத்து அளந்தான். மராட்டிக்காரன், மரியாதையானவன். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே வந்தான். ஜெயசீலி கொடுத்த டீயை இரண்டு கையாலும் வாங்கினான். கம்ப்ரஸர் உள்ளதுதான் இந்த வெயிலுக்குத் தாங்கும், விலை குறைந்தது சும்மா தண்ணீரை வெதுவெதுப்பாக்கும், குழந்தை நடக்கத் தொடங்கினால் வெந்நீர்க் குழாய்க்குப் பூட்டு உள்ளதாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் இந்தியில் பொறுமையாகச் சொன்னான். அதற்குப் பிறகு பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தான். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது எண்ணில் காட்டும். ஃபில்டர் மாடல் வேண்டுமா, கேன் மாடலே போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றான்.

“தேவையே இல்ல” என்றான் ஜோஷுவா. “கேன் மாடலைப் புக் பண்ணுங்க. பெரியத்தானுக்கு நேரமாவுது.”

“எனக்கு என்ன நேரம்? முதல்ல நம்ம கேன்ல வச்சுப் பாக்கட்டும்” என்றேன். “அப்புறம் குழாய்த் தண்ணியில. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டெர்லின் கண்ணால பாக்கட்டும். இதோட இந்த ஃபில்டர் பேச்சு தீரும்.”

ஆமாம், நான்தான் பார்க்கச் சொன்னேன்.

நிகில் ஒரு டம்ளரில் கேன் தண்ணீர் பிடித்துக் கருவியை விட்டான். அறுபத்தொன்று. மோரியிலிருந்த ஹண்டாப் பானையில் காலையில் பிடித்த குழாய்த் தண்ணீர். அறுபத்தொன்று. அவன் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். அதே எண். ரெபேக்கா கையிலிருந்த பாட்டிலைக் கேட்டு வாங்கி, மூடியில் ஊற்றிப் பார்த்தான். நூற்றுப் பதினெட்டு.

“அங்கிள், கேன் ஔர் நல், தோனோ ஏக் ஹி பானி ஹை” என்றான். கேனும் குழாயும் ஒரே தண்ணீராம். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று எல்லார் முகத்தையும் பார்த்தான்.

நான் எண்ணை வைத்து ஒருவனைக் குற்றவாளியாக்குகிறவன் அல்ல. இரண்டு மனிதருக்கு ஒரே எடை இருக்கலாம். ஜோஷுவா வாயைத் திறந்து, கருவி சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவன் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கேன் மாற்ற வந்து படியில் நின்ற ஆனி, “தம்பி, இதையும் பாருங்க” என்று தன் கேனின் அடியில் மிச்சமிருந்ததை டம்ளரில் சரித்து நீட்டினாள். அதுவும் அறுபத்தொன்று.

“மான்குர்த் போர் தண்ணிக்கும் நம்ம குழாய்க்கும் ஒரே ருசிதான் போல” என்றாள் ஆனி. குரல் உயரவில்லை. “ரெண்டு வருசமா சொல்லுதேன், நாலு மணிக்கு என் சுவருக்குக் கீழ குழாய் உறுமுதுன்னு. அண்ணாச்சி என்ன சொன்னிய? என் வீட்டு மோட்டார்தான் உறுமுதுன்னிய. அப்போ, ஜோஷுவா, தினம் ரெண்டு கேன் நான் விலைக்கு வாங்குதது என் முறைத் தண்ணியைத்தானா?”

“அப்படி இல்லக்கா…”

“எப்படி இல்ல?”

“பெரியத்தான்” என்று என் பக்கம் திரும்பினான் ஜோஷுவா. “நாலு மணிக்கு எல்லாரும் தூங்குதாவ. சும்மா குழாய்ல கிடக்கற தண்ணி. காலா வரைக்கும் சாக்கடைக் கல்லுக்குக் கீழ ஒரு பைப் போட்டேன். ஒரு மணி நேரம், நாப்பது கேன், அவ்வளவுதான். கெட்ட தண்ணி இல்ல. இந்தத் தண்ணி குடிச்சுத்தானே நீங்க எல்லாம் வளந்திய?”

“நல்ல தண்ணின்னா ரெபேக்காவுக்கு ஏன்ல பாட்டில் கொண்டாந்த?” என்று கேட்டேன்.

ரெபேக்கா பாட்டிலை மூடித் தரையில் வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். ஒவ்வொரு படியாக அவள் மெதுவாக ஏறுகிற சத்தம் கேட்டது. ஸ்டெர்லின் இந்தியில் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு ஜோஷுவாவின் சட்டையைப் பிடிக்கப் போனான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“பூட்டை எப்படித் திறந்த? சாவி இங்கன ஆணியில கிடக்கு.”

லாசர் மோரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஜெயசீலி சொன்னாள்:

“நாந்தான் குடுத்தேன் அத்தான். என் தம்பின்னு குடுத்தேன். என்னைய வையுங்க. அவிய யாரையும் ஒண்ணும் சொல்லாதிய.”

நிகில் கருவியைப் பையில் வைத்துவிட்டு, பிறகு போன் செய்வதாகச் சொல்லிக் கிளம்பினான். ஒரு அந்நியன் முன்னால் இது நடந்துவிட்டதே என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. ஆனியைப் பற்றி அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று மத்தியானத்திலிருந்து ஜெயசீலி கையால் நான் சாப்பிடவில்லை. அவள் சோறு வடித்து, பருப்பும் அவரைக்காயும் வைத்து ஏணியின் கீழே நின்று, “அத்தான், சாப்பிட வாங்க” என்று ஒவ்வொரு வேளையும் கூப்பிட்டாள். நான் மெயின் ரோட்டில் போய் வடாபாவ் தின்றேன். முப்பது வருடம் அந்தக் கைச்சோறு தின்றவன். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் டிபன் கேரியர் தூக்கி ஓடியவள் அவள். அதனால்தான் எனக்கு அது தாங்கவில்லை. வெளியாள் ஏமாற்றினால் கோபம் வரும். இது வேறு.

அன்று மாலையே காலாவுக்குப் போய் லேபிள்களை என் கையால் உரித்தேன். நாற்பத்து மூன்று கேன். சில லேபிள் வரவில்லை. வெந்நீர் ஊற்றிச் சுரண்டினேன். லாசரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தோல் சீவுகிற கத்தியால் சுரண்டினான். ஜோஷுவா துணிமணியை எடுத்துக்கொண்டு அப்போதே போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, சபையில் அசனம். அறுநூறு பேர் பந்தி. குடிதண்ணீர் மாசிலாமணி குடும்பத்தின் உபயம் என்று நான்தான் எழுந்து நின்று சொல்லியிருந்தேன். பதினெட்டாம் தேதி ஆராதனைக்கு முன்னால் சபைக் குருவான ஐயரைப் பார்த்தேன்.

“வேற ஏற்பாடுன்னு மட்டும் சொல்லிருவோம் ஞானாபரணம். எதுக்கு விளக்கம்?” என்றார் ஐயர்.

“என் வாயால சொன்னதை என் வாயாலயே திருப்பணும் ஐயரே.”

சபை முன்னால் சொன்னேன். எங்கள் பேரில் விற்றது தெருக்குழாய்த் தண்ணீர், அது அண்டை வீட்டாருடைய பங்கு, அசனத்துக்கு அந்தக் கேன் வராது, டாங்கர் தண்ணீர் வரும் என்றேன். சாவியைப் பற்றி மட்டும் பேசவில்லை. வீட்டுப் பெண்ணின் பெயரைச் சபையில் எடுக்கக்கூடாது என்று நினைத்தேன். நான் விட்ட அந்த இடத்தில்தான் மற்றவர்கள் கதை கட்டிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஆனி வீட்டுக்குப் போனேன். அவள் இட்லித் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஒரே அறை. கிரைண்டர், ஸ்டவ், நான்கு பானை, புருஷன் படம். மோட்டார் வைக்க அங்கே இடமே இல்லை. சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக், அதில் கிரைண்டர் மாட்டியிருந்தது. சந்தில் பத்தடி தள்ளி வசிக்கிற நான் இரண்டு வருடமாக உள்ளே எட்டிப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ளவில்லை.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“உக்கார வரல ஆனி. நான் செஞ்சது தப்பு. மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

அவள் துணியை உதறினாள். “மன்னிப்பை வச்சு நான் என்ன மாவா அரைக்கப் போறேன்? பதினெட்டு நிமிசம்னு எல்லாருக்கும் எழுதினிய, எனக்குப் பத்துன்னு எழுதினிய. உங்க தாளைக் கிழிங்க. பழையபடி எல்லாருக்கும் அரை மணி நேரம்னா எனக்கும் அரை மணி நேரம் குடுங்க.”

“குடுக்கேன்.”

“அப்புறம் ஒண்ணு கேக்கேன். எங்கிட்ட மோட்டார் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

சொன்னது யார் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அதுவரை அதை நான் யோசிக்கவே இல்லை. ஆறு நாள் அதை மனதில் சுமந்துகொண்டு ஏணி ஏறி இறங்கினேன்.

அசனம் அன்று லாசரும் நானும் தண்ணீர்ப் பந்தலில் நின்றோம். டாங்கரிலிருந்து டிரம்முக்கு, டிரம்மிலிருந்து ஜக்குக்கு. லாசர் குனிந்த தலை நிமிராமல் ஊற்றினான். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனையும் வேர்வையும் சேர்ந்து அடித்தது. சிலர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், சிலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே டம்ளரை நீட்டினார்கள். மூன்று மணிக்குப் பந்தி முடிந்தது. வீட்டுக்கு நடந்து வருகிற வழியில், குப்பைத்தொட்டிகளைத் தாண்டி ஆள் இல்லாத இடத்தில் நின்றேன்.

“லாசர், ஆனி வீட்ல மோட்டார் சத்தம் கேட்டேன்னு ரெண்டு வருசம் முன்னால எங்கிட்டச் சொன்னியே. கேட்டியால?”

அவன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான்.

“இல்லண்ணே.”

“தண்ணி டைம் மாத்தினானா?”

“இல்ல. எப்பவும் போல நாலு மணிக்குத்தான் வருது.”

“ஜெயசீலி?”

“அவளுக்குத் தெரியும். ஆனா குடுத்தது அவ இல்ல. நாந்தான் தினம் ராத்திரி எடுத்துக் குடுத்துட்டு, அஞ்சு மணிக்குத் திரும்ப வாங்கி ஆணியில மாட்டுவேன். நீ அவளை ஒதுக்கிருவ, என்னைய ஒதுக்குனா நீ தாங்க மாட்டன்னு அவ முந்திக்கிட்டா.” “பட்டறை பூட்டிக் கிடந்த அத்தனை மாசம் இந்த வீட்ல அடுப்பு எப்படி எரிஞ்சுதுன்னு ஒரு நாள் கேட்டியாண்ணே? ஜோஷுவா கொண்டாந்து போட்டான். அவன் சாவியைக் கேட்டப்ப எனக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரல.”

கேட்கவில்லை. அது உண்மை. நான் துறைமுகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் பங்கை மாதாமாதம் அப்பா படத்துக்குக் கீழே வைத்துவிடுவேன். அதோடு என் கடமை முடிந்தது என்று ஏணி ஏறிவிடுவேன்.

“அடுப்புக்கு இல்லன்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாமே” என்றேன்.

“உங்கிட்டயா?” என்றான் லாசர்.

ஐம்பத்தெட்டு வருடம் என் பின்னால் நடந்தவன் அவன். பேச்சில், ஜெபத்தில், கடைத்தெருவில், எங்கேயும் என்னை முந்தி நடந்ததில்லை. ஒரு விதவையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அந்தப் பழியை என் கையெழுத்தில் சுவரில் ஒட்டவைத்து, தினமும் விடியற்காலையில் அந்தத் தாளைத் தாண்டிப் போய் பூட்டைத் திறந்திருக்கிறான். நான் அவனுக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தேன். அவன் பின்னால் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு ஏணியின் கீழே ஜெயசீலி கூப்பிட்டாள். இறங்கி வந்து உட்கார்ந்தேன். அவள் ரசம் ஊற்றும்போது, “நீ ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?” என்று கேட்டேன். “அத்தான், சோத்தைப் பிசையுங்க, ஆறிப்போவுது” என்றாள்.

டிஸ்பென்சர் வந்தது. ஃபில்டர் உள்ளதுதான். கம்ப்ரஸர், வெந்நீர்க் குழாய்க்குப் பூட்டு, எல்லாம் ஸ்டெர்லின் பார்த்து எடுத்தான். நிகிலே வந்து மாட்டிக் கொடுத்தான். பீரோ இருந்த வெளிறிய சதுரத்தில் நிற்கிறது. பிரசவத்துக்கு மான்குர்த் போன ரெபேக்கா பெண் குழந்தையோடு திரும்பி வந்து அதில் வெந்நீர் பிடிக்கிறாள். நான் ஹண்டாவிலிருந்து மொண்டு குடிக்கிறேன். லாசரும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். உப்பு வேண்டுமா, மோர் வேண்டுமா என்று கேட்டுக்கொள்கிறோம். தம்பி என்று அவனை நான் கூப்பிடுவதில்லை.

முறைத் தாளைக் கிழித்துவிட்டேன். வேறு எழுதவில்லை. சாவி இப்போது ஆனி வீட்டில் இருக்கிறது. நான்கு மணிக்கு அவள்தான் திறக்கிறாள்.

இனி அந்தப் பேச்சு. ஜோஷுவா சயான் ஸ்டேஷன் பக்கத்தில் கள்ளச்சாவி வெட்டி, எங்களுக்குத் தெரியாமல் எங்கள் பூட்டைத் திறந்தான் என்று சந்தில் சொல்கிறார்கள். சபையிலும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதை மறுக்கவில்லை. வெளியில் போனவன் தலையோடு போகட்டும் என்று பலருக்கும் அது வசதியாக இருக்கிறது. ஐரோலிப் பக்கம் எங்கோ இருக்கிற ஜோஷுவாவும் மறுத்ததாகத் தெரியவில்லை.

அது தவறு. கள்ளச்சாவி எதுவும் வெட்டப்படவில்லை. அந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான் இருந்தது. எங்கள் அப்பா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய அந்தச் சாவியை எடுத்துக் கொடுத்தவன் மாசிலாமணியின் இளைய மகன் லாசர்.